ஒரு போல்ட் மிச்சம்

எடைப் பரிசோதகரின் காரிலிருந்த கடைசிப் பாகமும் கழன்று வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையிலிருந்து அந்தக் கார் முன்னைவிட நன்றாக ஓடியது. தெருவில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரம் தண்ணீர்க் குழாய் உடைந்து பாதித் தெரு சேறாகிக் கிடந்ததால் ஆளாளுக்கு அந்தக் கவலையே போதுமானதாக இருந்தது.

கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, எடைக்கற்களுக்கு அடியில் முத்திரை குத்துவது அவருடைய வேலை. தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைக்கூட மெல்ல விடுகிற பழக்கம் இருபது வருடத்தில் உடம்போடு ஒட்டிப்போய், வீட்டிலும் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள்வார். சோப்பு எங்கே என்று காலையில் மனைவி கேட்டுவிட்டுப் போனால், மாலை அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அது இருக்கும் இடத்தைச் சொல்வார். அவளுக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்ததால், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடக்கிறவர்களோடுதான் அவளுக்குப் பகல் முழுக்கப் பொழுது போயிற்று.

கார் அவருடைய மாமனாருடையது. நான்கு பேர் முழங்காலைக் காதுவரை மடக்கிக்கொண்டு உட்காரக்கூடிய பழைய சின்னக் கார். உருண்டை விளக்கு, ஆமை முதுகு. மாமனார் அதைத் தன் கையாலேயே பிரித்து மேய்கிறவர். ஒருமுறை வேலையெல்லாம் முடிந்தபின் ஒரு போல்ட் மிஞ்சியது. "இதெல்லாம் கம்பெனிக்காரன் தாராள மனசுல சேத்துப் போடுறது" என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக் கிளம்பினார். மூன்றாவது கிலோமீட்டரில் முன்சக்கரம் ஒன்று காரை முந்திக்கொண்டு போவதைப் பின்சீட்டிலிருந்த எட்டு வயது மகள் பார்த்தாள். சக்கரம் ஒரு சலூனுக்குள் நுழைந்து காலி நாற்காலியில் சாய்ந்து நின்றது. கார் பள்ளத்தில் நின்றது. மாமனாரின் இடதுகால் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

மகள் அதன்பின் பஸ்ஸில் போனாள், ரயிலில் போனாள், எந்தக் காரிலும் ஏறவில்லை. கல்யாணத்தன்றுகூட அலங்கரித்த காருக்குப் பக்கத்தில் நடந்தேதான் வந்தாள். மாப்பிள்ளையான எடைப் பரிசோதகர் உள்ளே தனியாக உட்கார்ந்து, நடை வேகத்தில், ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததைப் பற்றி அன்றும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலி இடத்தின் எடை அவருக்குக் கிராம் சுத்தமாகத் தெரியும்.

மாமனார் காலமானதும் கார் இவர்கள் வீட்டுக் கொட்டகைக்கு இழுத்து வரப்பட்டது. உடைத்து இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் அவளுடைய அண்ணன். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்த அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. எடைப் பரிசோதகர் மட்டும் காரை இரண்டு சுற்று சுற்றி வந்து, மறுநாள் மத்தியானம், "நான் சரி பண்றேன்" என்றார். மனைவி சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"பண்ணுங்க. எல்லாத்தையும் கழட்டி, எல்லாத்தையும் மாட்டி, ஒரு போல்ட்டுகூட மிஞ்சாம முடிங்க. அப்ப ஏறுறேன்."

முதல் சுற்றுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. துருவை எமரித் தாளால் தேய்த்தெடுத்தார். ஓட்டைகளை ஒட்டுப்போட்டு, பட்டி பூசி, பால் விட்ட பச்சை நிறத்தில் ஆறு கை வண்ணம் அடித்தார். இருக்கைகளுக்கு உறை தைப்பதற்காகத் தையல் கற்றுக்கொண்டார். முன்பலகைக்கு நல்ல மரம் கிடைக்காமல் மனைவியின் துணி அலமாரிக் கதவைக் கழற்றி அறுத்து இழைத்தார். வேகமானி பழுதாகிக் கிடந்ததால் மளிகைக்கடைத் தராசு ஒன்றின் வட்ட முகப்பை அந்த இடத்தில் பொருத்தினார்; கார் அதன்பிறகு மணிக்கு இத்தனை கிலோ என்று ஓடியது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து, நூலில் அட்டை கட்டி, எண்ணும் எடையும் எழுதினார். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு அட்டைகள். அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு இங்கேதான் நடந்தது. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்றுதான் அவர் வேலை அவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தது, எங்கிருந்து வந்தது என்று அல்ல. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது மேஜையில் ஒரு போல்ட் இருந்தது. அட்டையில், "412. முப்பத்தொரு கிராம்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

கார் முதல் திருகலிலேயே கிளம்பியது. ஃபோர்மேன் வந்து காதை வைத்துக் கேட்டார், குனிந்து பார்த்தார், இரண்டு உதை உதைத்துப் பார்த்தார்.

"மாப்ள, வண்டி ஜோரா இருக்கு. அந்த போல்ட்டத் தூக்கிச் சாக்கடைல போட்டுட்டு வாய மூடிட்டு இருங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

அவரால் அது முடியவில்லை. போல்ட்டைக் கொண்டுபோய் மனைவி முன்னால் வைத்தார். அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல. காலி உப்பு ஜாடி ஒன்றில் போட்டு மூடினாள். "மறுபடி பாருங்க" என்றாள்.

மறுபடி பிரித்தார். இந்த முறை 412க்கு இடம் கிடைத்தது, வேறு பதினான்கு மிஞ்சின. கார் இன்னும் மென்மையாக ஓடியது. மூன்றாம் சுற்றில் ரேடியேட்டர் மிஞ்சியது. அதற்குப் பிறகு வண்டி சூடானதே இல்லை. எங்கேயாவது அழுத்தித் திணித்துவிட்டிருக்கலாம்தான். ஆனால் முள் நடுவில் நிற்கும்போது தட்டில் ஒரு குன்றிமணியைக்கூடக் கூட்டக் கூடாது என்று வாழ்ந்த மனிதர் அவர். எல்லாம் சரியாக இருக்கிற வண்டிக்குள் ரேடியேட்டரைத் திணிக்க அவருக்குக் கை வரவில்லை. அப்படியே ஐந்து வருடம் போயிற்று. மிஞ்சியவை வீட்டுக்குள் குடிவந்தன. கார்புரேட்டர் செருப்பு அலமாரியில் இடம்பிடித்தது. கியர்பாக்ஸ் சாப்பாட்டு மேஜையில் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தது. விருந்தாளி வந்தால் அதைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. துண்டில் கிரீஸ் வாசம், தலையணையில் கிரீஸ் வாசம். மனைவி வீட்டுக்குள் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டாள். முகம் சுளித்ததில்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும், "எவ்வளவு?" என்று மட்டும் கேட்பாள். அவர் எண்ணிக்கையைச் சொல்வார். அவள் தலையசைப்பாள். இருவருக்கும் நடுவில் அந்த வருடங்களில் இருந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஏழாம் வருடம் இன்ஜினே மிஞ்சியது. கேள்விப்பட்டு ஃபோர்மேன் அலறிக்கொண்டு வந்தார். மூடியைத் தூக்கினால் உள்ளே கூட்டிப் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது.

"என்ன மாப்ள இது? இன்ஜின் எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"கிளப்புங்க பாப்போம்."

கிளப்பினார். கிளம்பியது. ஃபோர்மேன் குனிந்து அந்த வெற்றிடத்துக்குள் கையை விட்டு முன்னும் பின்னும் ஆட்டினார்.

"அப்ப எது ஓடுது?"

எடைப் பரிசோதகர் யோசிக்க ஆரம்பித்தார். ஃபோர்மேன் ஒரு டீ குடித்து முடித்தார், இன்னொன்றும் குடித்தார். "அதத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. ஃபோர்மேன் மூடியைச் சாத்திவிட்டுத் தங்கையிடம் போனார். "உன் வீட்டுக்காரர் ஆளு சரியில்லமா. நான் அப்பவே சொன்னேன்." அவள் இன்ஜினின் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். "அவரு ஒழுங்காத்தாண்ணா எழுதியிருக்காரு" என்றாள்.

ஒன்பதாம் வருடம் சக்கரங்கள், பத்தாம் வருடம் இருக்கைகளும் கதவுகளும். பதினோராம் வருடம் தெருக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து பச்சைக் கூட்டைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டீயரிங் வளையமும் கையோடு வந்துவிட்டது. கொட்டகையில் நான்கு செங்கல் அடுக்குகளும் அவரும்தான் நின்றார்கள். ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று அவள் கேட்டிருந்தாள். பதினோரு வருடம் உழைத்து ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மிச்சப்படுத்தியிருந்தார். தன் வாழ்க்கையில் எந்தத் தராசும் இவ்வளவு தூரம் சாய்ந்து அவர் பார்த்ததில்லை. பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போனார்.

"எவ்வளவு?" என்றாள் அவள்.

"எல்லாம்."

அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஓடுதா?"

"இன்னும் பாக்கல."

புதன்கிழமை காலை அவர் அலுவலக உடையில் கொட்டகைக்குப் போய், வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தார். வெறும் விரலைத் திருகினார். உட்கார்ந்த வாக்கிலேயே தெருவைக் கடந்து, சேற்றைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனார். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் மறித்தார். ஓட்டுநர் உரிமம் சரியாக இருந்தது. எண் பலகையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார், அதுவும் சரி. புகைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவ்வளவு சுத்தமான வண்டி அந்த வருடம் வரவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மழைக்காலத்தில் அவர் நனையாமல் வருவதைப் பார்த்து மற்ற ஊழியர்கள் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள்.

மனைவி ஏறவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? வீடு முழுக்க மிச்சம் கிடந்தது.

ஃபோர்மேன் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். தன் வாழ்நாளில் இப்படியொரு அவமானத்தை எந்த வண்டியும் தனக்குச் செய்ததில்லை என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்தும் செருப்பு அலமாரியிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எல்லாவற்றையும் திரட்டி, நாலே மாதத்தில், அதே கொட்டகையில் முழுக் காரையும் கட்டிவிட்டார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறும் உள்ளே போயின. உப்பு ஜாடி காலி. மேஜை காலி. பச்சை வண்ணம் பளபளக்க, மரப்பலகை மின்ன, அது அப்படியே மணப்பெண்போல நின்றது.

"வாம்மா. எண்ணிப் பாத்துக்கோ. ஒண்ணும் மிச்சமில்ல."

அவள் வார்த்தை மாறாதவள். எண்ணிப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். எட்டு வயதுக்குப் பிறகு முதல் தடவை. அண்ணன் சாவியைத் திருகினார். கார் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. பாட்டரியை மாற்றினார், பிளக்கை மாற்றினார், அதட்டினார், கெஞ்சினார். அடுத்த ஒன்றேகால் வருடத்தில் அந்தக் கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் அவள் வேலை முடிந்து வந்ததும் அதில் கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்தாள். எடைப் பரிசோதகர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தான் தைத்த இருக்கையில், தான் இழைத்த மரத்துக்கு முன்னால், அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் மச்சான் ஸ்பேனரோடு உட்கார்ந்து எதையோ திட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எடைப் பரிசோதகர் கடைகளில் இரண்டு தடவை முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். அது அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது.

டிப்போவிலிருந்து கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது ஃபோர்மேன் கிளம்பினார். "இது வண்டி இல்லமா, வெறும் சாமான்" என்று தங்கையிடம் சொன்னவர், வாசலில் நின்று தயங்கினார். "மாப்ள, நேரமாச்சு. அந்தக் கருமத்துலயே என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க." தெரு முனைவரை இரண்டு பேரும் உட்கார்ந்த வாக்கில் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் பை மட்டும் பின்பக்கம் முழங்கால் உயரத்தில் தனியாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எடைப் பரிசோதகர் வாசலில் ஈரத் துணியால் ஒன்றுமில்லாததைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டகையிலிருந்த முழுக் காரை விட்டு இறங்கி, கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றாள். கண்ணாடி இருக்கும் இடத்தில் அவர் கை வட்டமாக ஓடுவதை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இதுல கழண்டு விழறதுக்கு ஏதாவது இருக்கா?"

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. "ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்கும் இதுல எதுவும் இல்ல."

அவள் சேலை ஓரத்தை ஒதுக்கிக்கொண்டாள். "சரி. கதவத் திறந்து விடுங்க. நானா திறப்பேன்?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றி வந்து, திறந்து விட்டார். உயரமானவள் என்பதால் அவள் தலையைக் குனிந்து ஏறினாள். அவர் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தெருவைத் தாண்டினார்கள். பெரிய சாலைக்கு வந்ததும் கூந்தல் பறந்து கண்ணில் விழுந்தது.

"கண்ணாடிய ஏத்துங்களேன், காத்து அடிக்குது."

"கைப்பிடி உன் பக்கம்தான் இருக்கு."

அவள் தேடிப் பிடித்து ஏழெட்டுச் சுற்று சுற்றினாள். கூந்தல் படிந்தது. அங்கிருந்து அவர்கள் எங்கே போனார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.