வாயில் வராத மரம்

1

இந்தக் கதை ஒரு மிரட்டலிலிருந்து பிறந்தது. இரண்டாம் கூட்டம் முடிந்த மறுநாள், விலிமைனா தன் படகு எஞ்சினை என் பட்டறைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எஞ்சின்காரரே, நீங்க கதை எழுதுற ஆளாமே."

"ஏதோ கொஞ்சம்."

"நேத்து நடந்ததை எழுதுவீங்க. எனக்குத் தெரியும், உங்க மூஞ்சியே சொல்லுது. எழுதிக்குங்க. ஆனா அந்த வார்த்தை மட்டும் அதுல வரக் கூடாது. வந்துச்சு, சேத்துல முக்கி எடுத்துருவோம்."

இந்த ஊரில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அவர்கள் சொன்னால் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வார்த்தை ஒரு மரத்தின் பெயர். ஃபிஜித் தீவிலுள்ள இந்த வைசோமோ ஊரின் கரை முழுக்க, உப்புத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிற மரம். நான் பிறந்த முத்துப்பேட்டைப் பக்கம் அதை அலையாத்தி என்போம். வடக்கே போனால் சுரபுன்னை என்பார்கள், சிலர் கண்டல் என்பார்கள். இவற்றையெல்லாம் நான் நூறு தடவை எழுதலாம், இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஃபிஜி மொழியில் அதற்குள்ள பெயரைத்தான் எழுதக் கூடாது. அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் இப்படி ஒரு வெற்று அடைப்புக்குறி போடுகிறேன்: [          ]. அதைப் பார்த்தால், யாரோ சொல்லிவிட்டார்கள், யாரோ முகத்தைப் பொத்திக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

(ஏன் சொல்லக் கூடாது? அது வைசோமோவில் பிறந்த பெண்களின் மரம். அவர்கள் முன்னால் ஆண்கள் அதன் பெயரை எடுக்கக் கூடாது, அவர்களும் எடுக்கமாட்டார்கள். அந்தப் பெயருக்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு. அதை விளக்கி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.)

2

தொடக்கத்துக்கு வருவோம். முதலில் இப்படி எழுதினேன்:

"வைசோமோவின் கரையில் பச்சை மதிலாய் எழுந்து நின்ற வனத்தின் மீது வைகறையின் பொற்கதிர்கள் மெல்ல

வேண்டாம். வைகறையில் அங்கே பொற்கதிர் எதுவும் இல்லை, கொசுதான் இருக்கிறது. அடுத்து:

"கடலோர மீனவர் வாழ்வாதாரத்தில் சதுப்புநிலக் காடுகளின் பங்கு குறித்து

இது கம்பெனிக்காரன் மதியூ எழுத வேண்டியது. அவனுக்கே விட்டுவிடுகிறேன். அவன் பிறகு வருவான்.

மூன்றாவது தொடக்கம். விலிமைனா சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறாள். வலது கை தோள்பட்டை வரைக்கும் நண்டு வளைக்குள். கன்னம் சேற்றில் ஒட்டியிருக்கிறது. வத்தம் நேரம்; தண்ணீர் வடிந்து வேர்களெல்லாம் வெளியே தெரிகின்றன. ஓடையில் படகை ஒரு வேரில் கட்டிப் போட்டுவிட்டு, அதில் மல்லாந்து படுத்திருக்கிறான் அவளுடைய அத்தை மகன் இலைதியா. அக்கரை ஊர்க்காரன். கேலி பண்ணுகிற முறை அவனுக்கு இருக்கிறது, அதை ஒருநாளும் வீணாக்கமாட்டான்.

"மாமன் மகளே, உள்ளே நண்டு இருக்கா, இல்லே உன் புருஷன் ஒளிஞ்சிருக்கானா?"

"என் புருஷன் இருந்தா இந்நேரம் கொறட்டை கேட்டிருக்கும். வாயை மூடு, நண்டு பயப்படுது."

"நண்டு எதுக்குப் பயப்படணும்? அதுக்கு மேல இவ்வளவு பெரிய [          ] நிக்குது காவலுக்கு."

அவள் கை வளைக்குள்ளேயே நின்றது. சற்றுத் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய சித்தப்பா மகள் தோரிகா, கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் படகை நோக்கி நடந்தார்கள். இலைதியா எழுந்து ஓடப் பார்த்தான். ஓடைச் சேற்றில் எங்கே ஓடுவது? ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து, தலை வரைக்கும் முக்கி எடுத்தார்கள். அவன் சேற்றைத் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே, "தப்புத்தான், தப்புத்தான்" என்றான். தண்டனையாக, அவர்கள் பிடித்த நண்டையெல்லாம் அவனே நாரால் கட்டி, அவனே தேங்காய்ப் பால் ஊற்றிச் சமைத்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். அவனுக்கும் ஒரு கொடுக்கு கிடைத்தது.

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.

3

இப்போது மதியூ. இவனை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தங்கச் சங்கிலி போட்டு, வில்லனாக்கினேன். நாலு பக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் உண்மையில் அவன் இஸ்திரி போட்ட சுலு வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பை ஊர்க் கூடத்து வாசலில் கழற்றிவைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்த மரியாதையான பையன். வேறு தீவுக்காரன். அங்கே அந்த மரம் வெறும் மரம்.

காட்டை அழித்து, கல் கொட்டி மேடாக்கி, ஹோட்டல் படகுகளுக்குத் துறை கட்ட அவன் கம்பெனி விரும்பியது. முதல் கூட்டத்தில் அதை அவன் தெளிவாகத்தான் சொன்னான். தெளிவாகச் சொன்னதுதான் வினை. இங்கேயிருந்து அங்கே வரைக்கும் உள்ள [          ], நெருக்கமாக நிற்கிற [          ], வயசான [          ], எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்றான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. தோரிகாவால் அடக்க முடியவில்லை; வாயைப் பொத்திக்கொண்டு முதலில் அவள் வெளியே ஓடினாள். பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். தங்கள் அக்கா தங்கை முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்ட ஆண்கள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று மதியூ கேட்டான்.

ஒரு சத்தமும் இல்லை. அவன் நன்றி சொல்லி எழுந்தான். அடுத்த முறை, இங்கே சம்மதம் கேட்டு முறைப்படி வைக்கிற திமிங்கிலப் பல்லோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பல்லைத் தலைவர் கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாராலும் எதையும் திருப்ப முடியாது.

வெளியே தென்னை மரத்தடியில் பெண்கள் இன்னும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலிமைனாவும் சிரித்தாள். ஆண்கள் வெளியே வந்து, கூட்டம் முடிந்துவிட்டது, ஒருவரும் மறுத்துப் பேசவில்லை என்று சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"அடிப்பாவி தோரிகா," என்றாள் மெதுவாக. "சிரிச்சே காட்டைக் குடுத்துட்டோமேடி."

4

[இந்த இடத்தில் அலையாத்தியின் பயன்களைப் பட்டியல் போட நினைத்தேன். மீன் குஞ்சு வளரும் இடம், இறால் ஒதுங்கும் இடம் என்று வரிசையாக. விலிமைனாவின் தலைக்குள் பட்டியல் எதுவும் இல்லை. அவள் தலைக்குள் இருந்தது போன புயல்.]

போன புயலுக்கு முதல் நாள், ஊர்ப் படகுகளையெல்லாம் ஓடைக்குள்ளே தள்ளிக்கொண்டுபோய் அந்த வேர்களோடு சேர்த்துக் கட்டினார்கள். என் பட்டறையிலிருந்த எஞ்சின்களும் அங்கேதான் போயின. மறுநாள் பார்த்தால் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கூரை இல்லை, வேதக்கோயில் மணிக்கூண்டு சாய்ந்து கிடந்தது, படகுகள் கட்டின இடத்தில் கட்டினபடி ஆடிக்கொண்டிருந்தன. தோட்டமெல்லாம் உப்பேறிப் போய்விட்டது. மரவள்ளி அழுகியது. அப்போது ஊர் சாப்பிட்டது அந்த வேருக்கடியில் பிடித்த நண்டையும், அங்கே குஞ்சாக இருந்து வளர்ந்து வெளியே வந்த மீனையும்தான். விலிமைனாவின் மகள் ஹாஸ்டலில் படிப்பதும் நண்டு விற்றுத்தான். கல் கொட்டிய தரையில் வளை இருக்காது. வளை இல்லாவிட்டால் இவள் எங்கே கை விடுவாள்?

இரண்டாம் கூட்டத்துக்கு முந்தின நாள் தோரிகா கேட்டாள்:

"ஆம்பிளைங்க யாராவது பேசட்டுமே, அக்கா."

"நாம உக்காந்திருக்கையில அவங்க எப்படிப் பேசுவாங்க? நாம இல்லைன்னா, மரத்துக்குரிய பொண்ணுங்களே மறுக்க வரலையேன்னு அந்தப் பையன் சொல்லுவான்."

"அப்ப?"

"தெரியலடி. தெரிஞ்சா தூங்கியிருக்க மாட்டேனா."

5

இரண்டாம் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாசலோரம், கவா என்கிற வேர்ப்பானம் கரைக்கிறவர்கள் பக்கத்தில்.

மதியூவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகு அந்தப் பெயர் அவன் வாயில் வரவேயில்லை. "அது" என்றான். அதை எடுத்துவிடுவோம், அது இருந்த இடத்தில் கல் கொட்டுவோம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றான். ஆண்களும் நிம்மதியாக "அது" என்றார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் மிகவும் மரியாதையாக நடந்தது. விலிமைனாவுக்கு அந்த மரியாதைதான் பொறுக்கவில்லை. போன தடவை அவர்கள் வெட்டப் போனது ஒரு மரத்தை. இந்தத் தடவை எதை வெட்டப்போகிறார்கள் என்றே தெரியவில்லை, அதுவாம் அது. பெயரில்லாத ஒன்றை வெட்ட யாருக்குக் கை கூசும்?

திமிங்கிலப் பல் பாயின் நடுவே வந்தது. ராத்து கொலினியோ, எங்கள் தலைவர், பெரிய உடம்புக்காரர், சற்று முன்னால் சரிந்து கையை நீட்டினார்.

விலிமைனா முழங்காலிட்டு நிமிர்ந்தாள். எதிரே அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அண்ணன் முன்னால் அவள் குரல் உயர்த்திப் பேசியதேயில்லை.

"[          ]," என்றாள்.

கவா கரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"[          ]. அது இல்லை, [          ]. எங்க நண்டு அதுக்கடியிலதான் இருக்கு. உங்க படகை அதுலதான் கட்டுனீங்க. எங்களுக்கு வெக்கம்னு நாங்க பேர் சொல்லலை. வெக்கத்தைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. இப்பச் சொல்லிட்டேன். வெட்டக் கூடாது."

இந்த இடத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவளிடம் கேட்டபோது, "ஒண்ணும் நினைக்கலை. எந்திரிச்சு ஓடணும்னு இருந்துச்சு, கால் மரத்துப்போச்சு," என்றாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

அவள் சொல்லி முடித்ததும், வாசல் பக்கத்திலிருந்து இலைதியாவின் குரல் கேட்டது.

"மாமன் மகளே, ஒரு சந்தேகம். இப்ப யாரைச் சேத்துல முக்கணும்?"

முதலில் சிரித்தது தலைவர்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. மதியூவும் சிரித்தான், அவளுடைய அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். சிரித்து முடித்தபோது தலைவரின் நீட்டிய கை அவர் மடிக்குத் திரும்பியிருந்தது.

"வாங்கவும் மாட்டேன், திருப்பவும் மாட்டேன்," என்றார். "ஒருத்தி சொன்னா அது அவ துணிச்சல். ஊரோட பேச்சு ஆகாது. இந்த ஊர்ல பொறந்த ஒவ்வொரு பொண்ணும் என் வீட்டு வாசலுக்கு வரட்டும். 'அது'ங்கற பேச்சு வேண்டாம். பேரைச் சொல்லி, இருக்கணுமா போகணுமான்னு சொல்லட்டும். அதுவரைக்கும் பல் பாயிலயே கெடக்கட்டும்."

6

முடிவு. இரண்டு எழுதினேன்.

ஒன்று: பெண்கள் எல்லாரும் வந்து சொல்கிறார்கள், பல் திரும்பிப் போகிறது, மதியூ வேலையை விட்டுவிட்டு அலையாத்திக் கன்று நட வருகிறான். விலிமைனாவுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். "அவன் எதுக்கு வேலையை விடணும்? அம்மா அப்பாவுக்கு யாரு சோறு போடுவா?" என்றாள்.

இரண்டு: பாதிப் பெண்கள் வெட்கப்பட்டு வரவில்லை. கல் லாரி வருகிறது. கடைசியில் ஒற்றை மரம், அதில் ஒரு கொக்கு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை எழுதுன கையை நண்டு கவ்வ," என்றாள். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் நடந்துகொண்டிருப்பதை மட்டும் சொல்கிறேன். பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போகிற வழியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிலர் ரெண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு. தலைநகரில் வேலை பார்க்கிற ஒருத்தி இதற்காகவே பஸ் ஏறி வந்தாள். ஒரு கிழவி வேண்டுமென்றே உரக்கச் சொல்லிவிட்டு, தலைவர் நெளிவதை நின்று ரசித்துவிட்டுப் போனாளாம். ஓரிருவர் போகட்டும் என்றும் சொன்னார்கள். துறை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று நினைக்கிறார்கள். அவர்களையும் தலைவர் முழுசாகக் கேட்டார்.

இன்று காலை தோரிகா வந்திருக்கிறாள். இதற்கு முன் பாதி வழியிலிருந்தே திரும்பிப் போனவள். என் பட்டறையிலிருந்து அந்த வாசல் தெரிகிறது. சேலைபோல் இழுத்துப் போர்த்திய துணியின் முனையை வாயில் கடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைவர் அவளை அவசரப்படுத்தவில்லை. தூரத்தில் விலிமைனா, காலில் சேறு காயாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தோரிகா துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

வழியில் நின்ற ஆண்களெல்லாம் முறைப்படி முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். நானும் திரும்பிக்கொள்ள வேண்டும். நீங்கள் திரும்ப வேண்டாம். நீங்கள் அவளுக்கு எந்த முறையும் இல்லாதவர், உங்கள் முன்னால் அவள் எதையும் சொல்லலாம். இதோ, நான் திரும்பிவிட்டேன். நீங்கள் இருந்து கேளுங்கள்.