போனிஃபாஸ் செத்ததால் கூடிய மக்கள்தொகை

எங்கள் தீவில் ஆறு பாரிஷ்கள், அதாவது நிர்வாக வட்டங்கள். அவற்றில் ஆகச் சிறியது எங்கள் செயின்ட் பிளேஸ். இதன் பூகோளத்தை முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிறேன். ஒரு பாடவேளைக்கு மேல் இழுக்க முடிந்ததே இல்லை. மேற்கே கடல், கிழக்கே மலை, வடக்கே ஓர் ஆறு, தெற்கே மழை பெய்தால் மட்டும் ஓர் ஆறு. சரித்திரம் அதைவிடச் சுருக்கம். பிரெஞ்சுக்காரன் வந்தான், ஆங்கிலேயன் வந்தான், மறுபடி பிரெஞ்சுக்காரன், மறுபடி ஆங்கிலேயன். எவன் வந்தாலும் கரும்பு வெட்டியவர்கள் நாங்கள்தான்.

எல்லைக்கோடு போட வந்த சர்வேயர் மலை உச்சி வரைக்கும் சங்கிலி பிடித்து அளந்தாராம். அங்கே அவரைக் குளவி கொட்டிவிட்டது. எல்லை இதுதான் என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டார். அந்தக் குளவிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது செயின்ட் ஹிலரி பாரிஷ். அங்கே இருப்பவர்களும் நாங்களும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான். ஆனாலும் இருநூறு வருடமாக எங்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. சீமைப்பலாவை மாவாகிப் போகும்வரை வேகவைத்துத் தின்கிற ஜனங்கள்.

போன வருடம் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பத்து வருடத்துக்கொரு முறை எடுக்கிற மக்கள்தொகைக் கணக்கு வருகிறது, ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் குறைவான பாரிஷைப் பக்கத்துப் பாரிஷோடு சேர்த்துவிடுவார்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆபீஸ், ஒரே ஆஸ்பத்திரி. கணக்கெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கு எடுக்காமலே தெரியும். எங்கள் பாரிஷில் ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தேன். அதில் பாதிப் பேருக்கு அது ஏறவில்லை.

பாரிஷ் சபைத் தலைவர் போனிஃபாஸ் ஜோல். வயது அறுபத்தெட்டு. டாமினோ ஆட்டத்தில் தோற்றதே இல்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் மனைவி ஃபிலோமெனுக்குச் சர்க்கரை வியாதி, இடது காலில் ஆறாத புண். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் குட்டி ஆஸ்பத்திரிக்கு நடந்து போவாள். நர்ஸ் வெர்னா புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவாள். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பஸ்ஸில்தான் போக வேண்டும். வழியில் பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஃபிலோமென் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவாள். தன் தங்கை கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

"அங்க போயெல்லாம் கட்டுப் போட மாட்டேன். கால் போனா போகட்டும்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். போனிஃபாஸ் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவரை நக்கலடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், கணக்குல யாரையெல்லாம் சேர்ப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி நம்ம பாரிஷுக்குள்ள யாரெல்லாம் தூங்கினாங்களோ அவங்களை. படிவத்துல முதல் கேள்வியே அதுதான்."

"இங்கயே பொறந்திருக்கணும்னு இல்லியா?"

"இல்ல."

"வரி கட்டியிருக்கணும்னு?"

"அப்படி இருந்தா உங்களையே சேர்க்க முடியாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முகவாயைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. நான் சனிக்கிழமை செத்துடறேன்."

எங்கள் தீவில் ஓர் ஊரையே மலை தாண்டி வரவழைக்கக் கல்யாணத்தால் முடியாது, திருவிழாவால் முடியாது. சாவால் முடியும். யாராவது செத்தால் ரேடியோவில் வாசிப்பார்கள். இன்னாரின் கணவர், இன்னாரின் அப்பா, இன்னாரின் சித்தப்பா, இன்னாரின் நண்பர் என்று பெயர் பெயராகப் போகும். நம் பெயரை ரேடியோவில் வாசித்தபிறகும் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. போய், விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு, டாமினோ, ரம், மீன் சூப். பிணம் நகரத்துக் குளிர்ப்பெட்டியில் இருக்கும், அடக்கம் செய்கிற அன்றைக்குத்தான் வரும். ஆகவே பிணம் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். போனிஃபாஸுக்கு இது எல்லாமே வசதியாகப் போயிற்று.

தன் மரண அறிவிப்பை அவரே எழுதினார். மூன்று நாள் எழுதினார். சனிக்கிழமை மத்தியானம் ரேடியோக்காரி அதை வாசிக்க ஆரம்பித்தாள். நான் சோறு பொங்கி, மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டு, கை கழுவுகிறவரை வாசித்துக்கொண்டிருந்தாள். செயின்ட் ஹிலரியில் அவருக்குத் தெரிந்த யார் பெயரும் விடுபடவில்லை. எப்போதோ அவருக்கு ஆடு விற்றவர், பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லோரும் ஆருயிர் நண்பர்கள்.

சட்டப்படி நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் படிவத்தில் இவர்கள் இங்கே எதற்காகத் தூங்கினார்கள் என்ற கேள்வி கிடையாது. நானும் தேடிப் பார்த்தேன்.

ஞாயிறு சாயங்காலம் மலையிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு வாழைக்காய் லாரியும் இறங்கின. அறுபத்தொரு பேர், கையில் பானை சட்டிகளோடு. முன்னால் வந்தவள் க்ளோத்தில்ட். போனிஃபாஸின் பெரியப்பா மகள். குரல் இருக்கிறதே, அதைக் கேட்டால் கப்பல் கரைக்கு வந்துவிடும். எங்கள் பாரிஷ்காரர்கள் அனைவருக்கும் விஷயம் தெரியும், அனைவரும் வந்து அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள். போனிஃபாஸ் வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காயவைக்கும் கொட்டகைக்குள் ஒளிந்திருந்தார். நான் காலையில் வேலைக்குப் போக வேண்டுமே என்று ஒன்பது மணிக்கே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். இதைப் பற்றி இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்.

காலை ஆறு மணிக்குப் படிவக்கட்டோடு போனேன். முற்றம் முழுக்க ஜனம். கண்ணெல்லாம் கொவ்வைப்பழம். முதலில் க்ளோத்தில்ட்.

"நேத்து ராத்திரி இந்த பாரிஷ்ல தூங்கினீங்களா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கேள்வி டீச்சர் இது? சாவு வீட்டுல தூங்குவாங்களா? ஒரு பொட்டு நேரங்கூடக் கண்ணை மூடல."

அடுத்தவர் கண்ணை மூடவில்லை. அதற்கடுத்தவர் கொட்டாவிகூட விடவில்லையாம். எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினேன். தபால்காரர் "நான் தூங்கல" என்றார். நர்ஸ் வெர்னா "நானும்தான்" என்றாள். செயின்ட் ஹிலரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சாவு வீட்டில் தூங்கினேன் என்று எவன் சொல்வான்? நூறு வருடம் சொல்லிக் காட்டுவார்களே. பிணத்தைக் கூப்பிட்டுப் பந்தலில் உட்காரவைத்தாலும் இந்த விஷயத்தில் எங்கள் ஜனம் மானத்தை விடாது. இவ்வளவு யோசித்த போனிஃபாஸுக்கு இது தோன்றவில்லை. முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய எனக்கும் உறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் செயின்ட் பிளேஸ் பாரிஷின் மொத்த மக்கள்தொகை, என்னையும் தொட்டில் பிள்ளைகளையும் சேர்த்து, இருபத்துமூன்றாக இருந்தது.

கொட்டகைக் கதவு திறந்தது. போனிஃபாஸ் வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் கொக்கோத் தூசி.

"பாவிகளா, தூங்கினோம்னு சொல்லித் தொலைங்களேன்" என்றார்.

செயின்ட் ஹிலரிக்காரர்கள் அசையவில்லை. க்ளோத்தில்ட் மட்டும் கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏய்யா போனிஃபாஸ், நீ சாகலையா?"

"இல்ல."

"டாமினோவுல கள்ளாட்டம் ஆடுவ, பாத்திருக்கேன். சாவுலயுமா?"

"அதைத்தான் ராத்திரி முழுக்கச் சொல்லிட்டிருந்தியே. கொட்டகையில கேட்டுட்டுத்தான் இருந்தேன். நான் எப்ப கட்டையை மாத்தினேன்?"

"இருபது வருஷம் முன்னாடி ஈஸ்டர் அன்னிக்கு. மேஜைக்கு அடியில. என் கண்ணால பாத்தேன்."

"அது கீழ விழுந்துச்சு, எடுத்தேன்."

"ரெட்டை ஆறு எப்படிய்யா உனக்கு மட்டும் விழுது?"

பேச்சு டாமினோவை விட்டு வெளியே வராது என்று தெரிந்தது. லாரிக்காரர் சாவியை எடுத்துவிட்டார். அவர்கள் கிளம்பியிருந்தால் எங்கள் பாரிஷின் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

அப்போது ஃபிலோமென் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். விதவைக்கென்று போட்டிருந்த நடு நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள்.

"டீச்சர், எழுதிக்குங்க. நான் தூங்கினேன்."

முற்றம் மொத்தமும் அவளைப் பார்த்தது.

"தூங்கினியா?" என்றார் போனிஃபாஸ். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "நான் செத்த ராத்திரியிலயா?"

"நாப்பத்தோரு வருஷத்துல நேத்துதான் நீ பக்கத்துல இருந்து பேசல. உட்கார்ந்த மேனிக்கே தூங்கிட்டேன். குறட்டைகூட விட்டிருப்பேன். எழுதிக்குங்க டீச்சர், குறட்டையோட."

பிறகு க்ளோத்தில்ட் பக்கம் திரும்பிப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். கட்டு நனைந்திருந்தது.

"இந்த ஆளு பண்ணது தப்புதான். எனக்கு உன்னைப் பாக்கவே கூச்சமா இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி உங்க பக்கம் போயிட்டா இந்தக் காலை வெச்சுக்கிட்டு அந்தப் பஸ்ஸுல என்னால முடியாது. அதுக்குப் பயந்துதான் செத்தாரு."

க்ளோத்தில்ட் அந்த ஈரக் கட்டுத்துணியையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"விதவையே தூங்கிட்டா, எனக்கென்ன வந்துச்சு? எழுதுங்க. க்ளோத்தில்ட் பத்திஸ்த். பத்து மணிக்குக் கண்ணை மூடினேன்."

அதன்பிறகு எனக்குப் பேனா பிடித்த கை வலித்துவிட்டது. எல்லோரும் தூங்கியிருந்தார்கள். தபால்காரர் ஒன்பதரைக்கே தூங்கினாராம். இல்லை, நான் அவருக்கு முன்னாலேயே தூங்கிவிட்டேன் என்று லாரிக்காரர் சண்டைக்கு வந்தார். ஒருவர் கனவு கண்டதையும் எழுதச் சொன்னார். அதற்குப் படிவத்தில் இடமில்லை. போனிஃபாஸ் மட்டும், தான் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். அவரைப் பற்றி அவ்வளவு பேர் அவ்வளவு சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்? அவரை உட்காரவைத்து, தூங்கினேன் என்று மூன்று முறை சொல்லவைத்தேன்.

மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்துமூன்று. நாங்கள் பிழைத்தோம்.

செயின்ட் ஹிலரியில் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது பேர் இருந்தார்கள். அதில் அறுபத்தொரு பேர் அன்றைக்கு எங்கள் முற்றத்தில் தூங்கினார்கள். கழித்தலும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கு ஓடவே இல்லை. மூன்று மாதம் கழித்து அரசாங்கக் கடிதம் வந்தது. ஆள் குறைந்ததால் செயின்ட் ஹிலரியை எங்களோடு சேர்த்துவிட்டார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் பூட்டு.

போனிஃபாஸ் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பஸ் வந்து நின்றபோது, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் போனிஃபாஸோடும் ஃபிலோமெனோடும் நானும் இருந்தேன், என் முட்டிவலிக்காக. பஸ்ஸிலிருந்து க்ளோத்தில்ட் இறங்கினாள். முகம் பச்சை வாழைக்காய் நிறத்தில் இருந்தது. அவளுக்கு ரத்தக்கொதிப்பு, அந்தப் பக்கம் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஃபிலோமென் தடியைக்கூட எடுக்காமல் நொண்டிக்கொண்டே ஓடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஃபிலோமெனின் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கள் எல்லோருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

க்ளோத்தில்ட் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டுப் போடும் பெட்டியோடு வாசலில் நின்ற நர்ஸைப் பார்த்தாள்.

"ஏம்மா வெர்னா, உனக்குக் கால்ல புண்ணு இருக்கா?"

"இல்லீங்க அக்கா."

"பஸ்ஸுல வாந்தி வருமா?"

"எனக்கு அதெல்லாம் வராது. ஜன்னலோரம் உக்காந்து பாட்டு கேட்டுட்டே போவேன்."

"அந்தப் பெட்டியைத் தூக்க முடியுமா?"

"தூக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

"அப்ப செவ்வாய், வியாழன் நீ அங்க வந்துடு."

பஸ்ஸுக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போனிஃபாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார் மெதுவாக. "இதுக்கா நான் செத்தேன்?"

ஃபிலோமென் க்ளோத்தில்ட்டின் முதுகைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "சாகுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."