துபாயிலிருந்து வந்த கட்டிங் செட்

ஆறுமுகநயினார் ராணுவத்தில் பதினாறு வருஷம் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு 1983-இல் இலஞ்சிக்குத் திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்தார். வெல்டிங் மெஷின் இருந்தது, கிரைண்டர் இருந்தது. கனத்த இரும்பை வெட்டத்தான் வழியில்லை. கால் அங்குலத் தகட்டை ஹேக்சா பிளேடால் அறுக்க ஒரு பகல் போகும். மறுநாள் தோளைத் தூக்க முடியாது. குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் இரும்புக் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்யச் சொல்லி, சீசன் களைகட்டுவதற்குள் வேண்டும் என்று நாள் குறித்ததும், கேஸ் கட்டிங் செட் இல்லாமல் இனி முடியாது என்று ஆகிவிட்டது.

மதுரையில் விசாரித்தார். புது செட் கைக்கு எட்டவில்லை. செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் பழைய செட் மலிவாகக் கிடைப்பதாகச் சொன்னார்கள். போய் ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்; நுரை கொப்புளித்தது. கேஸ் கசியும் சாமானைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் வீட்டில் மனைவி இராமலட்சுமி எப்படி அடுப்பு மூட்டுவாள் என்று நினைத்தவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மில்லில்தான் ஒருவர், கடையநல்லூரில் ஒரு வீட்டில் துபாயிலிருந்து வந்த செட் பெட்டியோடு கிடப்பதாகச் சொன்னார்.

அதை வாங்கியவர் செய்யது மசூது. துபாயில் கப்பல் பட்டறையில் இரும்பு வெட்டும் வேலை பார்த்தவர். ஊரோடு வந்து சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று ஒரு லீவில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த லீவுக்கு முன்னாலேயே அங்கே நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவருடைய அண்ணன் முகம்மது கனி பெட்டியைத் திறந்து காட்டினார். மசூதுவின் மனைவி ஹாஜரா பீவி உள்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

ஆறுமுகநயினாருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. கையில் பிடித்து வெட்டுகிற டார்ச்சின் கழுத்து துளி வளையவில்லை. வால்வுகள் விரல் பட்டதும் திரும்பின. நெருப்பு வரும் நாசில் முனையில் மட்டும் லேசான கறுப்பு. ஒரு தடவை நெருப்புக் கண்டிருக்கும், அவ்வளவுதான். கனி சொன்ன விலையும் நியாயமானது. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்தது அதில் பாதி.

"அண்ணாச்சி, நாசில் வெந்து போயிருக்கு," என்றார். "உள்ள வால்வும் போயிருக்கும். கடைக்காரன் பழசைத் தேச்சுப் பளபளன்னு ஆக்கிப் புதுசுன்னு வித்திருக்கான். மெனக்கெட்டுப் பாத்தா ஓடலாம். ஓடாமலும் போகலாம். பாதி விலைன்னா எடுத்துக்கிடுதேன்."

கனி சிரித்தார். "என் தம்பி என்னைக்கு ஒரு சாமானைப் பாத்து வாங்கினான்? எவன் எதைச் சொன்னாலும் நம்பிருவான்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "அவர் கேக்குததுக்கே குடுத்துருங்க மச்சான்," என்று குரல் வந்தது.

திருநெல்வேலியிலிருந்து சிலிண்டர்கள் வந்த அன்றைக்கே ஆறுமுகநயினார் பற்றவைத்தார். நீலச் சுடர் ஊசிபோல நின்றது. லீவரை அமுக்கியதும் பொறி கீழே கொட்ட, தகடு சாக்பீஸ் கோட்டின் மேலேயே இரண்டாகப் பிரிந்தது. இராமலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார். "ராணுவத்துலகூட இப்படி ஒண்ணு நான் பிடிச்சதில்ல. ஒரு கோளாறு கிடையாது. குத்தம் சொன்னேன், பாதி விலைக்குக் குடுத்துட்டாங்க." அவள் வெட்டுவாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. லாட்ஜ் கதவு பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஒருநாள் காலையில் ஐந்தருவிக்குப் போகிற வேன் ஒன்று தெருமுனையில் நின்றது. அதிலிருந்து ஹாஜரா பீவி மட்டும் இறங்கி விசாரித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அவர் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று பொறி விழுவதைப் பார்த்தாள். நிமிர்ந்தவர் அவசரமாக வால்வை மூடினார்.

"இது எங்க வீட்டுச் சாமான்தானே?"

"ஆமா."

"ஓடுதா?"

"சரி பண்ணிட்டேன்," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு, கையில் இருந்த கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "கடை பில்லு. அவுக சட்டைப் பெட்டியில இருந்துச்சு. இங்கிலீசுல இருக்கு. புதுசுன்னு போட்டிருக்கா, பழசுன்னு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லணும். வீட்டுல எல்லாரும் பேசுதாக. எட்டு வருஷம் அந்த வேலையே பாத்த மனுசன் ஓட்டைச் சாமானை வாங்கிட்டு வந்திருக்கான்னு மச்சான் போற இடமெல்லாம் சொல்லுதாரு."

புதுசு என்று தெளிவாக இருந்தது. அதைச் சொல்லாமல் அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் நீல மையில் தமிழில் எழுதியிருந்தது. எந்தக் கனத்துக்கு எந்த நாசில் என்று நாலு வரி. அதற்குக் கீழே, 'கடையிலேயே போட்டு வெட்டிப் பார்த்தேன். சுத்தமாக வெட்டுகிறது.'

"அது நான் படிச்சிட்டேன்," என்றாள் ஹாஜரா பீவி. "அப்போ வாங்கும்போது நல்லாத்தானே இருந்திருக்கு. பெட்டியை நான் ஈரம் கசிஞ்சு ஓதம் ஏறுற அறையில வச்சிருந்தேன். என்னாலதான் கெட்டுப்போச்சோன்னு மனசுல கெடக்கு. மறைக்காம சொல்லுங்க அண்ணாச்சி."

மறைக்காமல் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனாலும், "ஓதத்துல ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். "வர்ற வழியில எங்கேயாவது அடிபட்டிருக்கும்."

அவள் தாளை வாங்கி மடித்தாள். "அப்போ அவுக பெட்டியைப் பாத்துக் கட்டத் தெரியாமக் கட்டியிருக்காக," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு வேனுக்குப் போனாள்.

திரும்பினால் கொட்டகை ஓரத்தில் இராமலட்சுமி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"விலையைக் கொறைக்க ஒண்ணு சொன்னிய, சரி," என்றாள். "இப்போ எதுக்குப் பொய்? செத்தவரு வந்து இல்லைன்னு சொல்லவா போறாரு."

அன்று அவரால் வேலை பார்க்க முடியவில்லை. டார்ச்சைக் கையில் எடுப்பார், வைப்பார். அந்த நாலு வரியை எழுதிய மனிதனும் தன்னைப் போல ஒரு கொட்டகையை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பான் என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவனைச் சாமான் பார்க்கத் தெரியாதவனாக்கியது தான்தான் என்று நினைத்தபோது, யாரும் இல்லாத கொட்டகையிலும் அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து செட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடையநல்லூர் பஸ் ஏறினார். முகம்மது கனி வீட்டில் இருந்தார். உட்காரச் சொன்னார். ஆறுமுகநயினார் உட்காரவில்லை.

"இதுல ஒரு கோளாறும் இல்லை அண்ணாச்சி. அன்னைக்குப் பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தெரியும். உங்க தம்பி முதல் தரமான சாமானைப் பாத்து வாங்கியிருக்காரு. என் கையில காசு இல்லைன்னு நான் பொய் சொன்னேன். அந்தம்மா வந்து கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

கனியின் முகம் கறுத்தது. திட்டப் போகிறார் என்று ஆறுமுகநயினார் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஆனால் கனி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஊரெல்லாம் சொன்னேனே," என்றார்.

ஹாஜரா பீவி கதவைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள். அவள் ஆறுமுகநயினாரைப் பார்க்கவில்லை. கனியைப் பார்த்து, "எங்கெங்க சொன்னியளோ அங்கெல்லாம் போய் இதையும் சொல்லுங்க மச்சான்," என்றாள்.

"சாமான் இந்தா இருக்கு. எடுத்துக்கோங்கம்மா," என்று சாக்கை நீட்டினார் ஆறுமுகநயினார்.

"அது இங்க கெடந்து என்ன செய்யப் போகுது. அவுக வேலைக்குன்னு வாங்கினது. நியாயமான விலையைக் குடுத்துட்டு நீங்களே வச்சுக்கோங்க. மச்சான் வந்து வாங்கிக்கிடுவாக. நீங்க இங்க வர வேண்டாம்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவர் சாக்கை மறுபடி சுற்றினார்.

லாட்ஜ்காரர் கொடுத்த பணத்தில் முதல் வேலையாக மீதியை, வாங்க வந்த கனியிடம் கொடுத்தார். பட்டறை நன்றாகவே நடந்தது. தென்காசியிலிருந்துகூட வேலை வந்தது. வெட்டைப் பார்த்துவிட்டு மற்ற பட்டறைக்காரர்கள் இந்த செட்டை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். "கடையநல்லூர் செய்யது மசூது துபாயில பாத்து வாங்கினது. தொழில் தெரிஞ்ச மனுசன்," என்பார். அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று யாராவது தொடர்ந்து கேட்டால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.