அரைமணி நேரச் சித்தி மகள்

கனகாவுக்கு மறுநாள் காலை டெமோ கிளாஸ். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்பு, வரலாறு. விசிட் விசா முடிவதற்குள் அவளுக்கு வந்த ஒரே வேலை அழைப்பு அது. வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். எம்.ஏ. படித்துவிட்டு அஜ்மானில் அடுத்தவர் பெயரில் இருக்கிற ஃபிளாட்டில் கட்டில் ஓரமாக ஒண்டிக்கொண்டு, இரண்டாம் உலகப்போரைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

பாடம் சுலபம்தான். ஒரே ஒரு இடம் மட்டும் முள்ளாகக் குத்தியது. ரத்தம் கலந்தால் தீட்டு என்று சட்டம் போட்ட ஜெர்மனி, ஜப்பானோடு எப்படிக் கைகோத்தது? ஜப்பானும் லேசுப்பட்டதில்லை, ஆசியாவிலேயே தன் இனம்தான் உசத்தி என்று அடித்துப் பேசிய நாடு. எந்தப் பிள்ளையும் கேட்கும். என்ன பதில் சொல்வது?

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அது அவளுடைய அடுப்பு. இடப்பக்க பர்னர், ஃபிளாட்டில் கூடத் தங்கியிருக்கிற ஷ்ருதி அக்காவுடையது. அலமாரியில் மேல்தட்டு அக்காவுக்கு, கீழ்த்தட்டு கனகாவுக்கு. பாத்திரம், எண்ணெய், உப்பு, தேய்க்கிற ஸ்பாஞ்சு எல்லாமே ரெண்டு. வந்த அன்றே ஷ்ருதி, "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டாள். கனகா ஒளிக்காமல் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தட்டு பிரிந்துவிட்டது. "நான் சுத்தம் பார்ப்பேன்மா, தப்பா எடுத்துக்காத" என்றாள். கீழே கஃபெட்டீரியாவில் யார் கை பட்ட ஷவர்மாவையும் சாப்பிடுகிறவள். கனகா வடித்த சோறு மட்டும் அவளுக்கு ஆகாது.

ஷ்ருதியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் வாட்ச்மேன் சாதிக் பாட்ஷா.

"யம்மா, பில்டிங் ஆபீஸ் ஆளு மாடி மாடியா வர்றான். ஃபேமிலி பில்டிங்ல பேச்சலர் இருக்காங்க, சொந்தமில்லாதவங்க சேர்ந்து தங்குறாங்கன்னு கம்ப்ளைன்ட். கிச்சனத்தான் பாக்குறான். ரெண்டு உப்பு டப்பா இருந்தா ஒரே குடும்பமில்லன்னு அர்த்தம். கலாஸ், கதை முடிஞ்சுது, இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிருவான்."

ஷ்ருதி சமையலறைக்கு ஓடி வந்தாள். "கனகா, என் சித்தி பொண்ணுன்னு சொல்லிடறேன். சரியா?"

"எந்தத் தெரு சித்தி, அக்கா?"

"விளையாடற நேரமா இது? உனக்கும் ரூம் வேணுமில்ல?"

வேண்டும். நாளைக்கு டெமோவை வைத்துக்கொண்டு இன்று பெட்டியோடு எங்கே போய் நிற்பது? கனகா தலையாட்டிவிட்டுச் சோற்றை வடித்தாள்.

ஷ்ருதி பாத்திரங்களை ஒன்றாக அடுக்கினாள். ஒரு ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டாள். தன் உப்பை எடுத்து கனகாவின் டப்பாவில் கொட்டிக் குலுக்கினாள்.

பெல் அடித்தபோது இருவரும் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் ஷ்ருதியின் யோசனைதான். கதவைத் திறந்துவிட்டு வந்து அவளே கனகாவின் பானையிலிருந்து சோறு போட்டுக்கொண்டாள். ஆபீஸ் ஆள் அலமாரியைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.

"சிஸ்டர்?"

"கசின் சிஸ்டர். மதர் சைடு" என்றாள் ஷ்ருதி, வாயில் சோற்றோடு. பிறகு கனகா பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துடி" என்றாள்.

அந்த 'டி'யில் கனகா ஒரு நிமிஷம் ஏமாந்துதான் போனாள். நிஜமாகவே ருசித்துச் சாப்பிடுகிறாளோ? இனிமேல் இப்படியே இருந்துவிடுவாளோ?

அவன் போய்விட்டான். லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டதும் ஷ்ருதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து தன் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேல்தட்டில் ஏற்றினாள். மிஞ்சியது உப்பு டப்பா மட்டும்.

"இத நீயே வச்சுக்கோ கனகா. நான் வேற வாங்கிக்கறேன். அடுத்த மாசமும் வருவானாம், அப்ப இதே மாதிரி சமாளிச்சுக்கலாம்."

கனகாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே. நாளைக்குச் சொல்லவேண்டிய பதில் மட்டும் கிடைத்துவிட்டது. ஜெர்மனியும் ஜப்பானும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை பிள்ளைகளா, எதிரி வாசலில் நிற்கிற வரைக்கும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

"அடுத்த மாசம் அவன் வந்தா நான் சித்தி பொண்ணு இல்லக்கா. எந்த ஊரு, எந்தத் தெருன்னு உள்ளதச் சொல்லிருவேன்."

"பைத்தியமா உனக்கு? ரூம் போயிடும்."

"ரெண்டு பேருக்கும்தான போகும்."

அவள் எழுந்து டப்பாவை எடுத்து மேல்தட்டில், ஷ்ருதியின் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இதுல பாதி உங்க உப்புக்கா. பிரிச்சு எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுத் தன் தட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.