பாறைக்குப் புத்தி ஐந்து

“அந்தத் திருகுறத எடு” என்று பாறை சொன்னதும் மேஜையைச் சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாறை என்பது விளையாட்டில் என் வீட்டுக்காரரின் அரக்கன். பேய் பலம், புத்தி மட்டும் இருபதுக்கு ஐந்து. சிறைக்கதவின் கீலைக் கழற்றக் கருவி கேட்க வேண்டிய இடத்தில், பேர் தெரியாமல் இரண்டு விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். மேல்மாடி பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, எங்க புடிச்சீங்க இந்த நடிப்ப?” என்றாள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் சமையலறை மேஜையில் நடக்கும் கூத்து இது. நான் கதை நடத்துவேன். பஸ் ஓட்டும் என் கொழுந்தன் திருடனாக வருவான், பல் டாக்டர் வில்லாளியாக வருவாள். ஒவ்வொருவருக்கும் வலிமை, வேகம், புத்தி என்று மதிப்பெண் உண்டு. அதற்குள் நின்றுதான் பேச வேண்டும். இருவருக்குள் மோதல் வந்தால் பகடை உருட்டுவோம், பெரிய எண் ஜெயிக்கும். புத்தி ஐந்து என்று உட்கார்ந்தவர் விடுகதைக்கு விடை சொல்லக் கூடாது. நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிந்தது கதையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. மீறினால் அன்றைக்கு டம்ளர் எல்லாம் அவர் தலையில். பெரும்பாலும் கொழுந்தன்தான் கழுவுவான். ஓட்டை வாய்.

முன்பு என் வீட்டுக்காரர் கிழட்டு மந்திரவாதியாக வந்தார். புத்தி பதினெட்டு. வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு நான் கட்டிய பொறியை டீ ஆறுவதற்குள் அவிழ்த்துவிட்டு மீசையைத் தடவுவார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. மழை தொடங்கிய சமயம், ஒரு நாள் அந்த மந்திரவாதியைத் தானே நெருப்புக்குள் நடக்கவைத்துக் கொன்றார். “சலிச்சுப் போச்சு. ஒரு முட்டாள் குடு” என்றார். விட்டது சனி என்று கொடுத்தேன். அன்றிலிருந்து பாறை எங்கள் எல்லோருக்கும் செல்லம். வலது இடது தெரியாது, எண்ணத் தெரியாது, கூட வருகிறவர்களின் பேரைக்கூட மாற்றி மாற்றிக் கூப்பிடுவான். மதிப்பெண்ணை மீறி ஒரு சொல் சொன்னதில்லை. கொழுந்தனிடம், “உங்கண்ணனப் பாத்துக் கத்துக்க” என்று நானே சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன புதன்கிழமை காலை அவர் தன் பையைத் திறந்துவைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பையில் எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “இங்க பாரு, அந்தத் திருகுறது எங்க?” என்றார். நான் ஷூவுக்கு நாடா கட்டியபடியே, “பாறை ஞாயித்துக்கிழமை வரைக்கும் தூங்கட்டும்ங்க” என்றேன். நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு தாமதமாக வந்தது. எல்லோரும் சிரித்த பிறகு காரணம் புரியாமல் சிரிப்பார்களே, அப்படி. ஸ்குரூடிரைவர் அவர் இடது கையில் இருந்தது.

அன்று வேலையில் நான் ஒரு காரியமும் உருப்படியாகச் செய்யவில்லை. பாறையின் கோமாளித்தனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் நடிப்பு முடிந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய கூட்டாளி போன் செய்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அண்ணன் வீட்ல சரியாத் தூங்குறாரா?” இழுத்து இழுத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறும்போது முதலில் நிறுத்தும் சுவிட்சைப் போட வேண்டும். கை தானாகப் போகும் வேலை அது. இவர் போடாமல் ஏறிவிட்டார். கூட்டாளி பாய்ந்து போட்டிருக்கிறார். “நான் மட்டும் அங்க இல்லேன்னா…” என்றவர் மீதியைச் சொல்லாமல் போனை வைத்தார். திங்கட்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை இருக்கிறது. பன்னிரண்டு மாடி.

கேட்காமல் இருப்பேனா? சாப்பிடும்போது கேட்டேன். “வயசாகுதுல்ல. உனக்கு மறக்கறதே இல்லயா?” என்று தட்டோடு எழுந்துபோனார். டாக்டரிடம் போவோம் என்றதற்குக் கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்துச் சொச்ச வருஷத்தில் என்னிடம் சாத்தாத கதவு. அதனால்தான் இந்த ஈனமான யோசனை எனக்கு வந்தது. நேராகக் கேட்டால் வாய் திறக்காதவரை மேஜையில் வைத்துக் கேட்பது.

மேஜையில் சிரிப்பு அடங்கியதும், “சிறைக்கதவுக்குப் பக்கத்துல ஒரு குப்பி இருக்கு” என்றேன். “தெளிவு மருந்து. குடிச்சா கொஞ்ச நேரத்துக்குப் புத்தி பதினெட்டு. பாறை பேருதான் அதுல எழுதியிருக்கு. வேற யாரும் குடிக்க முடியாது, விடை சொல்லவும் கூடாது. கதவு தொறக்கணும்னா தொட்டில சரியா நாலு படி தண்ணி ஊத்தணும். கையில அஞ்சு படிச் சொம்பு ஒண்ணு, மூணு படிச் சொம்பு ஒண்ணு.”

கொழுந்தன் “அட!” என்று துள்ளினான். அது அண்ணனுடைய புதிர். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவர் போடும் புதிர். ஐந்தை நிரப்பி மூன்றில் ஊற்று, மூன்றைக் கொட்டு என்று பாட்டு மாதிரி சொல்வார். அதைச் சொல்லிவிட்டாரென்றால் நான் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் சொம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேஜையைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒரு விரல் மடங்கி நீண்டது.

“பாறை குடிக்க மாட்டான்” என்றார்.

“ஏண்டா பாறை?” என்றாள் பல் டாக்டர், வில்லாளியின் குரலில்.

“பயமா இருக்கு. புத்தி வந்துச்சுன்னா, இத்தன நாளா இல்லேன்னு தெரிஞ்சிரும்ல?”

மற்ற இருவரும் கைதட்டினார்கள். பல் டாக்டருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாறை இல்லை. எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த மந்திரவாதியை நெருப்புக்கு அனுப்பிய நாளிலேயே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அதெல்லாம் முடியாது அண்ணி” என்று கொழுந்தன் சட்டையைச் சுருட்டினான். “நான் அவன் வாயப் பொளந்து ஊத்துறேன். பகடை போடுவோம். நான் ஜெயிச்சா அவன் குடிக்கணும்.” யாரும் தடுப்பதற்குள் போட்டுவிட்டான். பதினாறு.

அவர் இருபது முகப் பகடையைக் கையில் வைத்து வெகுநேரம் குலுக்கினார். அது உருண்டு, நான் குறிப்புகளை மறைக்க நிறுத்தியிருக்கும் அட்டைக்குப் பின்னால் வந்து, என் விரலுக்கு அருகில் நின்றது. எழுந்து எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன விழுந்திருக்கு?” என்றார் என்னிடம்.

“பாறைக்கு எண்ணும் தெரியாது!” என்று கொழுந்தன் மேஜையைத் தட்டினான்.

மூன்று விழுந்திருந்தது. மூன்று என்று சொன்னால் அவர் குடிக்க வேண்டும். தம்பிக்கு முன்னால், மேல்மாடிக்காரிக்கு முன்னால், நான் வைத்த சொம்புகளோடு அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கதவையும் குப்பியையும் நான் வைத்ததே அதற்காகத்தான். எல்லோரும் பார்த்துவிட்டால் நாளைக்கு அவரை யாரும் பன்னிரண்டாவது மாடிக்கு அனுப்ப மாட்டார்கள்.

“இருபது” என்றேன்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். “இவனுக்குன்னு விழுது பாருங்க!” பல் டாக்டர், “சரி, மருந்து போச்சு. கதவ எப்படித் தொறக்கறது? மேல சொல்லுங்கக்கா” என்றாள்.

நான் பகடையை உள்ளங்கையால் மூடியிருந்தேன். அட்டைக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் கை துழாவிக்கொண்டு வந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தது, மிக மெதுவாக, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க.