பதினொரு படிகள்

நாலு பவுண்டு எட்டு ஷில்லிங். டன்ஸ்வெல் மாளிகை என் அப்பாவுக்கு வைத்த பாக்கி அது. மாடிப்படிக்குக் கல் செதுக்கியவர் அவர். படிக்கு எட்டு ஷில்லிங், பதினொரு படி; இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு.

செதுக்கிய கல்லில் கல்தச்சன் தன் குறியை வெட்டி வைப்பான். குறியை எண்ணித்தான் கூலி. அந்த மாடிப்படியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முனை சுவருக்குள் போகும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். அப்பா தன் குறியை, இரண்டு குறுக்குக்கோடு போட்ட அம்பை, சுவருக்குள் போகிற முனையில் வெட்டிவிட்டார். காரியஸ்தர் எண்ண வருவதற்குள் கற்களைப் பதித்தாகிவிட்டது.

"உன் குறி எங்கய்யா, பாஸ்க்?"

"சுவத்துக்குள்ள இருக்குங்க."

"அப்ப வீட்டை இடிக்கிற அன்னைக்கு வந்து கூலி வாங்கிக்க."

மதுக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு சண்டையில் நானும் சொன்னேன்: "நீ எங்க செதுக்கின? குடிச்சிட்டுக் கிடந்திருப்ப." அதன்பின் அப்பா படிகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆறு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

உலகப்போர் எல்லாம் முடிந்து, ஜெர்மன்காரன் குண்டுக்குத் தப்பிய மாளிகை வரிக்குத் தப்பவில்லை. வரி கட்ட முடியாமல் இடிக்க விட்டார்கள். கூலிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மேலிருந்து ஒவ்வொரு படியாக உருவினோம். முதல் கல்லின் முனையைத் துடைத்த, கூட வேலை செய்த வில்ஃப் கத்தினான்.

"ஏய் நெட், இங்க வா. கோழி நடந்துட்டுப் போயிருக்கு!"

அம்பு. இரண்டு குறுக்குக்கோடு. அடுத்த கல்லிலும் அதுவே. பதினொன்றிலும் இருந்தது.

"என்ன கிழவா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்கப்பன் பொய் சொல்லலடா, வில்ஃப்."

வில்ஃப் சும்மா இருப்பானா? மதுக்கடைக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் அவன். வீட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வாரிசு மிஸ் ஹெஸ்டர். புல்வெளியில் நின்றிருந்த அந்த அம்மாளிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் வந்து குனிந்து பதினொரு முனையையும் பார்த்தார். பையைத் திறந்தார்.

"வட்டி போடத் தெரியலையே, மிஸ்டர் பாஸ்க்."

"வட்டி அவர் கேக்கலைங்க."

நாலு நோட்டு, எட்டு ஷில்லிங். பழைய கடித உறையின் பின்பக்கம் ரசீது எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். நாற்பத்திரண்டு வயதில்தான் என் பெயரை எழுதக் கற்றேன். அதைத்தான் எழுதப்போனேன். பென்சில் அம்பைப் போட்டது, குறுக்கே இரண்டு கோடும்.

"இது யாரோட கையெழுத்து?"

"கூலி வாங்க வேண்டியவரோடதுங்க."

மிஸ் ஹெஸ்டர் உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.