மூன்றாவது கட்டிலின் காய்ச்சல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது.

சிறைச்சாலைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதற்கு இரண்டு கடை தள்ளி என் வீடு. கைதிகளைப் பார்க்கும் நாட்களில் ஒரு பெண் அந்தக் கடை பெஞ்சில் வந்து உட்காருவாள். மடியில் துணிப்பை, பைக்குள் ஒரு ஸ்வெட்டர், சோப்பு, ஒரு பாட்டில் இருமல் மருந்து. உள்ளே இருப்பது அவளுடைய தம்பி. ஒவ்வொரு தடவையும் அவள் போய்ப் பெயர் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் வார்டர் வந்து, "யாரையும் பாக்க விருப்பமில்லைங்கறான்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் டீயைக் குடித்துவிட்டு அதே பையோடு பஸ் ஏறுவாள்.

"கோபமா, வெட்கமா, ஒண்ணும் புரியல சார்," என்றாள் ஒருநாள். "சின்னதுல என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே திரிவான். ஸ்கூலுக்கு மட்டம் போடணும்னா அக்குள்ல வெங்காயத்தை வெச்சுக்கிட்டுப் படுத்துக்குவான். காய்ச்சல்னு அம்மாவும் நம்பிருவாங்க. வெங்காயத்தை எடுத்துக் குடுத்தது யாருங்கறீங்க? நான்தான்!"

சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது.

"உள்ள ஒடம்பு முடியலைன்னா யாரு சார் பாப்பாங்க?"

"டாக்டர் இருப்பாரும்மா."

"அந்த டாக்டர் ஒழுங்கா பாக்கறாரான்னு யாரு பாப்பாங்க?"

பதில் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்த இரும்புக் கதவு ஒரு நீண்ட பெருமூச்சோடு அவளுக்காகத் திற—'

(அடித்துவிட்டேன். தினமும் பார்க்கிறேன் அந்தக் கதவை. க்ரீச் என்கிறது, அவ்வளவுதான். பெருமூச்சாவது மண்ணாங்கட்டியாவது.)

இரண்டாம் தொடக்கம்: 'நீதி என்பது ஒரு சமூகம் தன் நோயாளிகளை—'

(இது கதையா, மேடைப் பேச்சா?)

மூன்றாவதாக எழுதியது இதுதான்: 'அவள் நர்ஸ். சிறை ஆஸ்பத்திரியை மேற்பார்வை பார்க்கும் குழுவில் அவளும் ஓர் ஆள்.'

பாருங்கள், ஒரே வரியில் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன். என் மச்சானுக்கு ஒரு வேலை வாங்கித் தரத்தான் வருஷக்கணக்கில் நாயாய் அலைகிறேன். தம்பி 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத ஒரு வழியில் அவளை உள்ளே அனுப்ப வேண்டும், எனக்கு அதுதான் குறி. குழுவில் இரண்டே பேர்: அவள், அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். கட்டில், மருந்து, நோயாளி எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தர வேண்டும். எந்த நோயாளியோடும் தனியாகப் பேச அவர்களுக்கு உரிமை உண்டு.

(சொந்தக்காரர் குழுவில் இருக்கலாமா என்று கேட்காதீர்கள். இருக்கக்கூடாது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் மறுபடியும் டீக்கடை பெஞ்சுதான், எழுதிய அறிக்கையும் செல்லாது.)

3

நீதிபதி, சிறை சூப்பிரண்டின் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "நீ பாத்துட்டு வாம்மா, எனக்கு முட்டி வலி" என்றார். அவள் மட்டும் டாக்டரோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனாள்.

வார்டு கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரையில் பினாயில் ஈரம் இன்னும் காயவில்லை. விரிப்புகளில் மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. அலமாரி நிறைய மருந்துப் பெட்டிகள்.

"குறைன்னு ஒண்ணு சொல்ல முடியாதுங்க மேடம்," என்றார் டாக்டர்.

அவளுக்கு அதுதான் உறுத்தியது. நோயாளி படுத்த கட்டில் இப்படியா இருக்கும்? தலைமாட்டில் ஒரு தம்ளர் இல்லை, கசங்கிய துண்டு இல்லை, துப்புவதற்கு ஒரு கிண்ணம் இல்லை. மூன்று கட்டில், மூன்று நோயாளிகள். மூவரும் தலை வாரியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தவள், மூன்றாவது கட்டிலின் முன்னால் நின்றுவிட்டாள்.

தம்பி.

(என் மனைவி இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்தாள். "இத்தனை பேர் இருக்கற ஜெயில்ல, கரெக்டா இவன்தான் படுத்திருப்பானா? காதுல பூ சுத்தாதீங்க." நியாயமான கேள்வி. போன தடவை குழு வந்தபோது, தம்பி சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அக்காவைப் பார்த்துவிட்டான். இந்தத் தடவை நோயாளி வேஷம் போட டாக்டர் நல்ல உடம்புள்ள ஆள் தேடியபோது, நான் படுக்கிறேன் என்று தானே முன்னால் போய் நின்றான். இது போதுமா? மனைவி, "ம்ம்" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.)

காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் புருவத்தின் மேல் அந்தத் தழும்பு, ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது அவள் கையால் மஞ்சள் வைத்தது, அப்படியே இருந்தது. டேய் என்று கூப்பிடத் துடித்த நாக்கை அவள் கடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"காய்ச்சலுங்க மேடம்."

மேடம்! ஒரே ஒரு 'அக்கா'வுக்காக எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பாள். கிடைத்தது இதுதான். கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க, தெர்மாமீட்டரை எடுத்து அவன் கையைத் தூக்கினாள்.

அக்குளிலிருந்து வெங்காய வாசனை வந்தது.

4

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை. அவள் குனிந்தாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நெஜமா முடியாதவங்க எங்க?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"துணி துவைக்கிற ஷெட்டுல. நாலு பேரு. ஒருத்தன் ரத்தமா இருமறான்."

டாக்டர் இரண்டடி முன்னால் வந்தார். முகத்தில் நல்ல பிள்ளைச் சிரிப்பு.

"இவரோட தனியா பேசறதுன்னா பேசுங்க மேடம். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நான் வெளிய இருக்கேன்."

மணி அடித்தால் எல்லாக் கதவையும் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வெளியாட்கள் யாரும் உள் முற்றத்தில் கால் வைக்க முடியாது. அடுத்த வருகைக்கு மாதக்கணக்காகும். ஷெட் முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. டாக்டர் எதை நினைத்து அந்தச் சலுகையைக் கொடுத்தாரோ, அவர் கொடுத்தது இவளுடைய உயிரையே.

கதவைச் சாத்தினால் தம்பி. திறந்துகொண்டு போனால் அந்த நாலு பேர்.

ஏன்டா என்னைப் பாக்க மாட்டேங்கற, அம்மா போனப்போ உனக்கு யாரு சொன்னாங்க, ராத்திரி தூங்கறியா என்று கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும் என்று இருந்தது அவளுக்கு.

அவன் கையை உருவிக்கொண்டான்.

"என்னைப் பாத்தது போதுங்க மேடம். போங்க."

5

முடிவு, ஒன்று: அவள் போகிறாள். ஷெட்டைத் திறக்கச் சொல்கிறாள். ரத்தம் கக்கியவனை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிறார்கள். அவள் வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால், 'அக்கா—'

(அடித்தேன். அந்த ஒரு சொல் டாக்டர் காதில் விழுந்தால் அவள் அறிக்கை குப்பைக்கூடைக்குப் போகும், அவன் தனிக் கொட்டடிக்குப் போவான். அவன் கூப்பிட மாட்டான். கூப்பிட ஆசைப்பட்டவன் நான்.)

முடிவு, இரண்டு: அவள் கதவைச் சாத்துகிறாள். இருவரும் பேசுகிறார்கள். பக்கம் பக்கமாக எழுதினேன், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. ஆனால் அவர்கள் பேசப் பேச முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு திருத்தியும் அதை நிறுத்த முடியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆக, அவள் இன்னும் மூன்றாவது கட்டிலுக்குப் பக்கத்தில், தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

6

இன்று பார்வையாளர் நாள். டீக்கடைக்குப் போனேன். அவள் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கதையை அவளுக்கே படித்துக் காட்டினேன். தன்னை நர்ஸாக்கியதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எட்டாவதே தாண்டலயே சார்!" வெங்காயம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"முடிவை நீங்களே சொல்லுங்கம்மா," என்றேன். "அவன் அக்கான்னு கூப்பிடட்டுமா?"

அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"அந்தக் காய்ச்சல் பொய்தானே சார்?"

"பொய்தாம்மா."

"வெங்காயந்தானே?"

"வெங்காயந்தான்."

"அப்ப அவனுக்கு ஒண்ணுமில்ல. ஒடம்பு நல்லா இருக்கு." அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "அவன் கூப்பிடாட்டி போகட்டும் சார். அவ அந்த ஷெட்டுக்கே போகட்டும். அவங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?"

நான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அவள் கை பைக்குள் போய் அந்த இருமல் மருந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டது.

"சார், அந்த நாலு பேரு யாரு?"

நான் அவர்களை எழுதவே இல்லை. ஒரு முகம்கூட யோசிக்கவில்லை. நாலு பேர் என்று போட்டேன், அவ்வளவுதான்.

"அவன் அதுல இல்லையே சார்? நெஜத்துல?"

க்ரீச் என்று கதவு திறந்தது. வார்டர் ரோட்டைக் கடந்து எங்களை நோக்கி வருகிறார். பக்கத்தில் வந்து, "பாக்க விருப்பமில்லைங்கறான்மா" என்பார். அது அவன் சொன்னதா, எழுந்து வர முடியாதவனுக்காக இவர்கள் சொல்வதா, எனக்குத் தெரியாது. அந்தக் கதவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல நிஜத்தில் எனக்கு யாரும் இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வார்டர் வருவதற்குள் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.